மாமா கோத்த மீன்

என் அக்காவைக் கட்டியவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். மீன் வாடை என்றால் அவருக்குக் குமட்டும். அப்படிப்பட்டவர் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டது தூண்டில் இரை விற்கும் கடைக்காரியை. இத்தனை வருஷம் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: அந்த வீட்டுக் குளியலறை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்தால் யாரையும் பார்க்காமல் நேரே அதற்குள் போய்விடுவாள். தேய்த்துக் குளித்து, எலுமிச்சைத் தோலால் விரல் விரலாகத் துடைத்து, துணி மாற்றிக்கொண்ட பிறகுதான் "என்னங்க" என்று ஒரு குரல் வரும். மாமா அதுவரைக்கும் செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். அந்தக் குரல் கேட்டதும் தாள் இறங்கும்.

எங்கள் அப்பா படகை எனக்கும் கடையை அக்காவுக்கும் விட்டுப் போனார். படகு சின்னது. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க வருகிறவர்களை விடுமுறை நாட்களில் கடலுக்குள் கூட்டிப்போய்க் கூட்டி வருவது என் பிழைப்பு. படகு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் நீளமான தூண்டில் நரம்பின் முனையில், முள்ளில் கோத்த ஒரு முழு மீன் இழுபட்டு வரும். செத்த மீன்தான். ஆனால் அது உயிரோடு நீந்துகிறது என்று வஞ்சிரமும் பாரையும் நம்ப வேண்டும். நம்பினால் கடிக்கும். நம்பாவிட்டால் நாங்கள் நாள் முழுக்கக் கடலில் காற்று வாங்கிவிட்டுத் திரும்பலாம். அந்த நம்பிக்கையை உண்டாக்கிக் கொடுக்கிற வேலை அக்காவுடையது.

கடை படகுத்துறைக்கு இறங்கும் சரிவில் இருந்தது. உள்ளே ஒரு ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு பக்கம் உறைபெட்டி, ஒரு பக்கம் உப்பும் ஐஸும் கலந்த தண்ணீர்த் தொட்டி, நடுவில் தகரம் அடித்த மேசை. தண்ணீர் வடிய அந்த மேசையை ஒரு பக்கம் சாய்த்துப் போட்டிருந்தார்கள். அக்கா தொட்டியிலிருந்து ஒரு மடவை மீனை எடுப்பாள். அதைத் துணி பிழிகிற மாதிரி இல்லாமல், குழந்தைக்குக் கை கால் நீவி விடுகிற மாதிரி இரண்டு பக்கமும் வளைத்து வளைத்து முதுகெலும்பைத் தளர்த்துவாள். வயிற்றில் சின்னதாய் ஒரு கீறல், குடல் வெளியே. செவுள் வழியாக முள்ளை உள்ளே விட்டு அதன் கூர் வயிற்றுக்கு அடியில் எட்டிப்பார்க்கும்படி கொண்டுவருவாள். தாடைக்குக் கீழே ஒரு ஈயக்குண்டு. வாய்க்குள் தண்ணீர் போகாமல் உதட்டை மெழுகு நூலால் தைத்து ஒரு முடிச்சு. இவ்வளவையும் வாடிக்கையாளரிடம் அரட்டை அடித்துக்கொண்டே செய்வாள். கையைப் பார்க்கவே மாட்டாள்.

ஒரு நாள் மேல் தட்டிலிருந்த முள் பெட்டியை எடுக்க முக்காலியில் ஏறினாள். முக்காலி ஒரு பக்கம் போக, அக்கா இன்னொரு பக்கம் போனாள். வலது மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியில் விரல் நுனி மட்டும் தெரியும்படி முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

சரியாக மீன் சீசன் தொடங்குகிற நேரம். துறையில் உள்ள படகுக்காரர்கள் எல்லாரும் இரைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கட்டுப் பிரிக்கும் வரை கடையை மூடிவிடலாம், ஆட்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் சொன்னேன். அக்கா கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் கோத்துத் தரேன்."

நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அந்தத் தாள் இறங்கவில்லை. அப்போதுதான் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எங்களுக்கு உறைத்தது.

மறுநாள் காலை மாமா கடைக்கு வந்த கோலத்தை நான் பார்த்தேன். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. அதன்மேல் அக்காவின் பிளாஸ்டிக் முன்துணி. கையில் உறை. மூக்குக்கடியில் தலைவலித் தைலத்தை மீசை மாதிரி அப்பியிருந்தார். வாட்ச் கடையிலிருந்து தன் சாமணம், கத்தரி, கண்ணில் செருகும் லென்ஸ் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்து மேசையில் பரப்பினார். அக்கா ஒரு நாற்காலியில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலை அவர் செய்தாலும், சொல்லிச் சொல்லி வாய் வலிக்கப் போவது தனக்குத்தான் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

முதல் மீனை எடுத்ததும் மாமா ஒரு ஸ்கேலை வைத்து அதன் வயிற்றை அளந்தார்.

"சட்டையா தைக்கப் போறீங்க? எதுக்கு அளவெடுக்கறீங்க?" என்றாள் அக்கா.

நடுக்கோடு தெரிய வேண்டும் என்றார் மாமா. முள் நடுவில் வராமல் ஒரு மயிரிழை ஒதுங்கினாலும் மீன் ஒரு பக்கமாகச் சாயும் என்று அவளே சொல்லியிருந்தாளாம். அளந்து, பென்சிலால் குறி போட்டு, குறி மீன்மேல் ஒட்டாமல் போகவே ஊசியால் ஒரு புள்ளி குத்தி, லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு அவர் ஒரு மீனைக் கோத்து முடிப்பதற்குள் நான் ஒரு டீ குடித்து, படகைக் கழுவி, திரும்பி வந்துவிட்டேன். ஆனால் மீனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவ்வளவு அழகு. தையல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. வயிற்றில் முள் வெளிவரும் இடத்தைச் சுற்றித் தோல் அப்படியே கவ்விப் பிடித்திருந்தது. அக்கா இடது கையால் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் போலிருக்கிறது என்றாள். மாமா உறையைக் கழற்றாமலே முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

மாலைக்குள் வேகமும் வந்துவிட்டது. வாடையை மறந்துவிட்டார். தைல மீசை காய்ந்து உதிர்ந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் படகில் பல் டாக்டர் வந்தார். எங்களுடைய பழைய வாடிக்கையாளர். ஊரெல்லாம் அவர் முன்னால் வாயைத் திறக்கும், அவர் வாயைத் திறப்பது கடலைப் பார்த்தால் மட்டும்தான். அன்றைக்கு மாமா கோத்த மீன்களைக் கடலில் விட்டோம். விட்ட கொஞ்ச நேரத்தில் நரம்பு முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. இரையை இழுத்துப் பார்த்து வேறு மாற்றினோம், அதுவும் முறுக்கிக்கொண்டது. ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் டாக்டர் நேரே கடைக்குப் போய், பின்னிப் பிணைந்து பந்தாகக் கிடந்த நரம்பை மேசைமேல் வைத்தார்.

"மீன் பிடிக்கப் போனேன் சார். நூல் நூத்துட்டு வந்திருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மற்ற படகுக்காரர்கள் அப்படிச் சிரிக்கவில்லை. உன் மாமா கோத்த மீனெல்லாம் காத்தாடி மாதிரி சுத்துது என்று துறையில் என்னிடம் ஆளாளுக்குச் சொன்னார்கள். மாமா தான் கோத்த மீன்களை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முள் நடுவில்தான் இருந்தது. வாய் தைத்துத்தான் இருந்தது. என்ன தப்பு என்று அக்காவைக் கேட்டார். அக்காவும் பார்த்தாள். எல்லாம் தான் சொன்ன மாதிரிதான் இருக்கிறது, தனக்கும் தெரியவில்லை என்றாள். அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாகப் போனது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்கா எனக்குப் போனில் சொன்னாள். கடிகாரம் ஓடவில்லை என்றால் பின்மூடியைத் திறந்தால் தெரிந்துவிடுமாம். இது ஓடுகிற இடம் கண்ணுக்கே தெரியாத இடம் என்று புலம்பினாராம்.

அடுத்த விடுமுறை நாளில் டாக்டரை ஏற்றிக்கொண்டு கயிற்றை அவிழ்க்கப் போகும்போது, சரிவில் மாமா இறங்கி வருவதைப் பார்த்தேன். ஷூ, முழுக்கைச் சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் படகில் கால் வைத்ததில்லை. பாலத்தின் மேல் பஸ் போகும்போதே கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

"அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வாட்ச் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ வண்டிய எடு மாப்ளை."

வண்டி இல்லை, படகு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினைத் தட்டினேன்.

துறையின் தடுப்புச் சுவரைத் தாண்டியதும் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. மாமா பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடிவானத்தையே வெறித்தார். அடிவானத்தைப் பார்த்தால் வாந்தி வராது என்று எங்கோ படித்திருந்தாராம். எழுதியவன் எங்கள் கடலுக்கு வந்ததில்லை போலும். கொஞ்ச நேரத்தில் மாமா படகு விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு தலையை வெளியே தொங்கப் போட்டுவிட்டார். டாக்டர் பயந்துபோய் அவர் முதுகைத் தடவினார். ஏதாவது மாத்திரை இருக்கிறதா டாக்டர் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பல்லோடு முடிந்துவிடுகிறது தம்பி, அதற்குக் கீழே போனால் நானும் உன்னை மாதிரிதான் என்றார்.

திரும்பிவிடலாம் மாமா என்று சொன்னேன். தொங்கிக்கொண்டிருந்த தலை வேண்டாம் என்று ஆடியது. பிளாஸ்டிக் பையைக் காட்டி, அதில் இருப்பதைக் கடலில் விடச் சொன்னார். பைக்குள் இரண்டு மீன்கள். ஒன்று அவர் கோத்தது. இன்னொன்று அக்கா கீழே விழுவதற்கு முன்னால் கோத்து உறைபெட்டியில் வைத்திருந்தது. இரண்டையும் தனித்தனி நரம்பில் மாட்டி, தூரமாக விடாமல் படகுக்குப் பக்கத்திலேயே, அவர் தொங்குகிற இடத்துக்கு நேராக ஓடவிட்டேன். தண்ணீர் அன்றைக்குத் தெளிவாக இருந்தது.

மற்ற யாரும் அந்த இரைகளை அப்படிப் பார்த்திருக்க முடியாது. நாங்கள் எல்லாம் நின்றுகொண்டு தூண்டில் கம்பின் நுனியைப் பார்க்கிறவர்கள். மாமாவின் மூக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. வாந்தி எடுப்பதும் பார்ப்பதும், பார்ப்பதும் வாந்தி எடுப்பதுமாக இருந்தார். நடுவில் பேச்சு வந்தது.

"மாப்ளை, மெதுவா போ... இன்னும் மெதுவா... இப்போ கொஞ்சம் இழு."

இழுத்தேன்.

"தெரிஞ்சிடுச்சு," என்றார். மறுபடி ஒரு தடவை குனிந்து முடித்துவிட்டு, முகத்தைச் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை. "என் மீனு வில்லு மாதிரி வளையுது. படகு இழுக்கும்போது முள்ளு முன்னாடி வரப் பாக்குது, வயித்துத் தோலு விட மாட்டேங்குது. அவ மீன்ல முள்ளு நகருது. அவ ஓட்டைய நீளமா கிழிச்சிருக்கா."

இரண்டையும் மேலே எடுத்துப் பார்த்தோம். உண்மைதான். அக்கா கோத்த மீனில் முள் வெளிவரும் இடத்தில் நக அகலத்துக்குக் கூடுதலாக ஒரு கீறல் இருந்தது. மாமா அந்த இடத்தைத்தான் அவ்வளவு பாடுபட்டு இறுக்கமாகச் செய்திருந்தார். கடிகாரத்துக்குள் எந்தத் திருகும் ஆடக்கூடாது. மீனுக்குள் முள் ஆட வேண்டும்.

கத்தி கேட்டார். ஒரே இழுப்பில் கீறலை நீட்டினார். தண்ணீரில் விட்டோம். அந்த மடவை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்ட ஆள் மாதிரி நேரே நீந்திப் போனது. மாமா சிரித்தார். சிரித்ததில் மறுபடி குமட்டல் வந்து விளிம்புக்குப் போனார்.

நரம்பை நீட்டி விட்டோம். டாக்டர் கம்பைப் பிடித்திருந்தார். துறை கண்ணுக்கு மறைந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், கம்பு சடாரென்று வளைந்து, ரீல் அலறி, அதே வேகத்தில் அடங்கிவிட்டது. டாக்டர் சுற்றி எடுத்துப் பார்த்தால் முள்ளில் பாதி மீன்தான் மிச்சம். வஞ்சிரத்தின் வேலை. பின்பாதியைக் கத்தியால் நறுக்கின மாதிரி வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தது. டாக்டர் உச்சுக் கொட்டினார். மாமா மட்டும் இரண்டு கையாலும் அந்தப் பாதியை வாங்கிக்கொண்டார்.

"கடிச்சிருக்கு. நம்பிடுச்சு, டாக்டர்," என்றார்.

அன்றைக்கு அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு நல்ல மீன் பிடித்தோம், இரண்டும் நான் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்த அக்காவின் பழைய இரையில். அதை மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாதி மடவையைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெளுத்த முகத்தோடு, யாரோ பட்டம் கொடுத்து அனுப்பின மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றாள். துறையில் யாரோ பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். நான் மாமாவுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன். அவர் போன போக்கையும், நான் கூட்டிப்போன அழகையும், சட்டைக் கையின் கதியையும் சேர்த்து அவள் ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள். மீன் வாடை அடிக்கிறது, முதலில் குளித்துவிட்டு வாங்க என்று கடைசியாகச் சொன்னாள். சொன்னதும் அவளுக்கே அது காதில் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் உரக்கச் சிரித்துவிட்டாள்.

மாமா கைக்குட்டையைப் பிரித்து அவளிடம் காட்டினார். ஓட்டை விஷயத்தைச் சொன்னார். அக்கா நம்பவில்லை.

"நான் எங்கே நீட்டிக் கிழிக்கிறேன்? நான் அப்படியெல்லாம் பண்றதே இல்ல."

"பண்ற. உனக்குத்தான் தெரியாது."

நான் கடைக்கு ஓடி, உறைபெட்டியிலிருந்து அவள் கோத்த இன்னொரு மீனையும் மேசையிலிருந்த லென்ஸையும் எடுத்து வந்தேன். மாமா தன் லென்ஸை அவள் கண்ணில் செருகிவிட்டார். அக்கா ரொம்ப நேரம் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தன் கை தன்னைக் கேட்காமலே ஒரு வேலை பார்த்து வந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அடப்பாவி," என்று தன் வலது கையைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வாரத்திலிருந்து துறையில் யாரும் காத்தாடி என்று பேசவில்லை. கட்டுப் பிரித்த பிறகு அக்காவின் மணிக்கட்டு முன்போல் முழுசாகத் திரும்பவில்லை. முடிச்சுப் போடும்போது வலித்தது. அவள் அதற்காக இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மீனைத் தேர்ந்தெடுத்து நீவி, கீறிக் கொடுப்பது அவள் பக்கம் என்றும், கோத்துத் தைப்பது அவர் பக்கம் என்றும் பிரித்துக்கொண்டார்கள். மாமா தன் வாட்ச் மேசையையும் தூக்கிக்கொண்டு வந்து கடையின் முகப்பில் போட்டுவிட்டார். காலையில் மீன், மதியத்துக்கு மேல் வாட்ச். நடுவில் எலுமிச்சைத் தோல்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு அம்மா தன் மெல்லிய தங்க நிறக் கைக்கடிகாரத்தைப் பழுது பார்த்து வாங்கிப் போனவர், மறுநாளே திரும்பி வந்தார். கடிகாரம் நன்றாக ஓடுகிறதாம், ஆனால் வீட்டுப் பூனை தன் கையை விட்டு நகர மாட்டேன் என்கிறதாம். மாமா நொந்து போய்விட்டார். அந்த அம்மா மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவரை தன்னைத் திரும்பியும் பார்க்காத பூனையாம் அது. அதிலிருந்து அக்கா கடையில் ஒரு சோப்புப் பெட்டியே தனியாக வாங்கி வைத்தாள். வாட்சைத் தொடுவதற்கு முன் முழங்கை வரை கழுவ வேண்டும், மீனைத் தொட்ட கையோடு டீ டம்ளரை எடுக்கக் கூடாது என்றெல்லாம் சட்டம் போட்டாள். சட்டத்தை முதலில் மீறுவது எப்போதும் அவள்தான்.

போன மாதம் ஒரு நாள் இருவரும் என் படகில் வந்தார்கள். அப்பா காலத்துக்குப் பிறகு அக்காவும் கடலுக்கு வந்ததில்லை. மாமா மாத்திரை போட்டுக்கொண்டு வந்தார், இருந்தும் ஒரு தடவை விளிம்புக்குப் போய் வந்தார். பழகிவிட்டது, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். பாறைத் திட்டுக்கு அந்தப் பக்கம் போகும்போது அக்காவின் கம்பு வளைந்தது. பெரிய பாரை. கம்பைப் பிடிக்க முடிந்ததே தவிர, ரீலைச் சுற்ற அவள் மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. நான் சுக்கானை விட்டு நகர முடியாது. மாமா எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கையால் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரீலைச் சுற்றினார்.

"மெதுவா சுத்துங்க. அந்துடும்."

"மெதுவாத்தான் சுத்துறேன். நீ கம்பத் தாழ்த்து."

"எனக்குத் தெரியும். அது ஓடும்போது சுத்தாதீங்க, விடுங்க."

"விட்டாப் போயிடாதா?"

"போகட்டும். திரும்பி வரும்."

மீன் ஓடியது, நின்றது, திரும்பி வந்தது. மறுபடி ஓடியது. ஒருவர் கம்பும் ஒருவர் ரீலுமாக அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். யார் பிடித்த மீன் என்று யாராவது பின்னால் கேட்டால் என்ன சொல்வார்களோ என்று நினைத்துக்கொண்டு, அலை அவர்கள் முதுகில் அடிக்காதபடி நான் படகைக் கொஞ்சம் திருப்பிக்கொடுத்தேன்.